இஸ்தோப்பைத் தாண்டி யார் வரலாம்?

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் தூரத்தை அளந்து அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹோல் 1966இல் ஒரு நூல் எழுதினார். மிக நெருங்கியவர்களுக்கு ஒன்றரை அடி வரை, நண்பர்களுக்கு நான்கு அடி வரை, அலுவலாக வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு அடி வரை என்பது அவர் போட்ட கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் காம்பராவில் வெளியாள் ஒருவர் நிற்கவே இடமில்லை. அவர் அளந்தது தன் நாட்டு நடுத்தர வர்க்கத்தாரை. அது எல்லா மக்களுக்கும் பொருந்தாது என்று அவரே எழுதியும் வைத்தார்.

ஆகவே, "லயத்து ஆட்களுக்கு அந்தரங்கம் என்று ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் லயத்தில் வளர்ந்தவள். தேயிலைத்தூள் கேட்டு வரும் பக்கத்துக் காம்பரா அக்கா முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்றுதான் கூப்பிடுவார். கேட்காமல் குசினி வரைக்கும் போவது பெரியம்மாவும் சித்தியும் மட்டுந்தான். பெண்கள் தண்ணீர் விழும் பீலியில் குளிக்கிற நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் வருவதென்றால் தூரத்திலேயே குரல் கொடுப்பார்கள். இரவில் ஒரு வீட்டில் நடந்த சண்டை எல்லார் காதிலும் விழுந்திருக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சுவர் செய்யாததை மரியாதை செய்தது.

அந்த மரியாதை எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைத்ததா என்றால், இல்லை. வயதுக்கு வந்த பிள்ளைகளிடமும் புது மருமகளிடமும் யாரும் எதையும் கேட்கலாம். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று தண்ணி பிடிக்கிற இடத்திலேயே கேட்பார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற பையன் தீபாவளிக்கு வந்தால் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு அப்படியே கைமாத்தும் கேட்பார்கள். "ஏலாது" என்று சொன்னால் தலைக்கனம் பிடித்தவன் என்ற பேர்.

இப்போது நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஓ.எல். வகுப்புப் பிள்ளைகளிடம் நான்கு தாள் கொடுத்து ஒவ்வொன்றிலும் வாசல், இஸ்தோப்பு, உள்காம்பரா, குசினி என்று கோடு போடச் சொல்வேன். பிறகு தெரிந்தவர்களின் பேரைப் பென்சிலால் எழுத வேண்டும். ரகசியம் சொல்வதற்கு ஒரு தாள், காசு கொடுப்பதற்கு ஒன்று, போனைக் கொடுப்பதற்கு ஒன்று, தொட்டுப் பேசுவதற்கு ஒன்று. ஒரே ஆள் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருக்கமாட்டார். ஒரு மாணவி தன் உயிர்த்தோழியின் பேரை ரகசியத் தாளில் குசினியிலும், போன் தாளில் வாசலுக்கு வெளியிலும் எழுதினாள். "அவ என்ட மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வாசிக்கிறா டீச்சர். சொன்னா கோவிச்சுக்குவா" என்றாள்.

எந்தப் பேரை எங்கே எழுதுவது என்று தெரியாதபோது உடம்பைக் கேட்கச் சொல்வேன். அந்த ஆள் வருவது தெரிந்ததும் வயிறு இறுகுகிறதா? சரி என்று தலையாட்டிவிட்டு ராத்திரி படுத்த பிறகு எரிச்சல் வருகிறதா? மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று பயமாக இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். பிடிக்காமல் ஒதுங்குவது வேறு, பயந்து இணங்குவது வேறு. இன்னொன்றையும் கேட்பேன்: மற்றவர் தாளில் உன் பேர் எங்கே இருக்கும்?

அந்த மாணவி கடைசியில் சொன்னது சின்ன வார்த்தைதான்: "போனைத் தந்துரு, கதையை நானே சொல்றேன்." தோழி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போதும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடக்கிறார்கள்.

தலவாக்கலை பஸ்ஸில் நெரிசலைச் சாட்டாக வைத்து உரசுகிறவனுக்கு இந்தத் தாள் எதுவும் தேவையில்லை. சொல்லாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவு, 1995 திருத்தத்துக்குப் பிறகு, தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அங்கே முகம் பார்க்கத் தேவையில்லை, சத்தம் போடலாம். பெண்கள் 1938க்கும், பள்ளிப் பிள்ளைகள் 1929க்கும் அழைக்கலாம்.