ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா

ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா என்பது இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் புல்வெளியும் முகில் காடும் கலந்து அமைந்துள்ள பாதுகாக்கப்பட்ட பகுதி ஆகும். பிரித்தானிய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது. 1988 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கு வருவோர் பெரும்பாலும் காண விரும்புவது 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறைச்சரிவையே. முற்பகலிலேயே மூடுபனி எழுந்து அதனை மறைத்துவிடுவதால் அதிகாலையில் நடக்கத் தொடங்குவது நன்று. பனியால் காட்சி கிட்டாதோர் ஏமாற்றமடைவதுண்டு. எனினும் இக்காடு தன் நீரில் ஒரு பகுதியை அப்பனியிலிருந்தே பெறுகின்றது. பாசி படர்ந்த குட்டை மரங்களின் இலைகளிலும் கிளைகளிலும் நுண்துளிகள் படிந்து, திரண்டு, சொட்டி மண்ணில் இறங்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் தரும் ஓடைகள் இம்மேட்டுநிலத்தில் ஊற்றெடுக்கின்றன. அண்மைய பத்தாண்டுகளில் காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போய் வருகின்றன. அதன் காரணம் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

புல்வெளியில் மரைகளை எளிதில் காணலாம். அவற்றுக்கு உணவளித்தல் கூடாது. பொலித்தீன் பைகளை உள்ளே கொண்டுசெல்லவும் அனுமதி இல்லை.