அடிக்காமல், கட்டிவைக்காமல் நடத்தையை மாற்ற முடியுமா? 'நேர்மறை நடத்தை ஆதரவு' கூறும் வழி

கோலார் தங்கவயல்: பேச இயலாத அறிவுசார் மாற்றுத்திறனாளி ஒருவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார், அருகில் வருவோரைக் கடிக்கிறார், பொருள்களை வீசி எறிகிறார் என்றால், வீட்டார் முதலில் அதட்டுகிறார்கள். அது பயன் தராதபோது அடிப்பதும், அறையில் பூட்டுவதும், சில வீடுகளில் கட்டிவைப்பதும் நிகழ்கின்றன. இவற்றுக்கு மாற்றாகப் பல நாடுகளில் பின்பற்றப்படும் அணுகுமுறையே 'நேர்மறை நடத்தை ஆதரவு'.

தமிழர்கள் பெருமளவில் வாழும் மாரிகுப்பம் போன்ற ஊர்களில் இந்த அணுகுமுறைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பின்னர், தங்கவயலைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். விடியலில் புறப்பட்டவர் இரவு திரும்பும் வரை, மாற்றுத்திறனாளியைக் கவனிக்கும் பொறுப்பு வீட்டிலிருக்கும் ஒருவர் மீதே விழுகிறது. வளர்ந்த மகனைத் தனி ஒருவரால் தடுக்க முடியாத நிலையில்தான் கயிறும் தாழ்ப்பாளும் எளிய வழியாகத் தோன்றுகின்றன.

நடத்தைக்குப் பின்னால் என்ன?

காரணமின்றி எந்த நடத்தையும் தொடர்வதில்லை என்பதே இந்த அணுகுமுறையின் அடிப்படை. பிறர் கவனத்தை ஈர்ப்பது, விரும்பிய பொருளைப் பெறுவது, பிடிக்காத வேலையிலிருந்தோ இரைச்சலிலிருந்தோ தப்புவது, உடலுக்குத் தேவைப்படும் உணர்வைத் தேடுவது ஆகிய நான்கும் பொதுவான காரணங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்ற உபாதைகளும் காரணமாகலாம். எனவே மருத்துவப் பரிசோதனையே முதல் படி.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டியூரண்ட் ஆகியோர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தனர். பாடம் கடினமாக இருந்தபோது முரண்டு பிடித்த குழந்தைக்கு, 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லி உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தனர். கவனிப்பு குறைந்தபோது அவ்வாறு நடந்துகொண்ட குழந்தைக்கு, தன் வேலையைப் பற்றி ஆசிரியரிடம் கேட்கக் கற்றுக்கொடுத்தனர். காரணத்துக்குப் பொருத்தமான சொல் கிடைத்ததும் அந்நடத்தை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத சொல்லைக் கற்பித்தபோது அவ்வாறு குறையவில்லை.

நடைமுறையில் எப்படி?

நடத்தைக்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள் ஆகிய மூன்றையும் சில நாள்களுக்கு நோட்டில் குறித்துவர வேண்டும். எடுத்துக்காட்டாக, குளிக்க அழைத்தாலே கடிக்கும் சிறுவனின் குறிப்பைப் பார்த்தால், முன்னறிவிப்பின்றி தலையில் தண்ணீர் ஊற்றும் நாள்களில் மட்டும் அவன் கடிப்பது தெரியவரலாம்.

அப்போது மாற்ற வேண்டியது முதலில் சூழலை. துண்டைக் காட்டிக் குளிக்கும் நேரத்தை முன்கூட்டியே உணர்த்தலாம். தண்ணீரைக் காலிலிருந்து மெதுவாக ஊற்றத் தொடங்கலாம். அடுத்து, 'போதும்' என்பதற்கு ஒரு கைச்சைகையைக் கற்பிக்க வேண்டும். அவன் சைகை காட்டியவுடன் நிறுத்துவது மிக முக்கியம். கடித்தால் கிடைத்த ஓய்வு, சைகையாலேயே விரைவாகக் கிடைத்தால் கடிக்க வேண்டிய தேவை குறையும்.

வீட்டார் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றாவிட்டால் பலன் கிடைக்காது. பழைய வழி செல்லுபடியாகாத தொடக்க நாள்களில் நடத்தை சற்றே தீவிரமடையக்கூடும் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் தீவிர நடத்தை எனில், மருத்துவ உளவியலாளரின் வழிகாட்டுதலுடன் மட்டுமே திட்டம் வகுக்க வேண்டும்.

இந்தியாவிலும் இதற்கான கருவிகள் உள்ளன. செகந்திராபாத் தேசிய நிறுவனத்தைச் சேர்ந்த ரீட்டா பெஷாவரியா, எஸ். வெங்கடேசன் ஆகியோர் இந்தியக் குழந்தைகளுக்கென 1992-ல் உருவாக்கிய மதிப்பீட்டு அளவுகோல், 75 சிக்கலான நடத்தைகளைப் பத்துப் பிரிவுகளாக வகைப்படுத்துகிறது. சிறப்புப் பள்ளிகளில் இது பயன்படுத்தப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ல் மனநலக் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப முடியவில்லை. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. மனநல நிலையங்களில் தண்டனையாகவோ, ஊழியர் பற்றாக்குறைக்காகவோ ஒருவரைக் கட்டுப்படுத்தி வைக்கவும் அச்சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆனால், அச்சட்டத்தின் 'மனநோய்' வரையறையில் அறிவுசார் குறைபாடு சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குப் பொருந்தும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்துமுறையிலிருந்து பாதுகாப்பளிக்க அரசுக்குக் கடமை விதிக்கிறது. எனினும், கட்டுப்படுத்தி வைப்பது குறித்த விரிவான விதிகளை அது வகுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலோ தனிமைப்படுத்துதல், மருந்தால் அடக்குதல் உள்ளிட்ட ஐந்து வகைக் கட்டுப்பாடுகள் அரசு ஆணையத்தின் கண்காணிப்பில் உள்ளன. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தும் சேவை அமைப்புகளுக்கு நடத்தை ஆதரவுத் திட்டம் கட்டாயம்.

உதவி எங்கே கிடைக்கும்?

மாரிகுப்பத்திலிருந்து நேரடி ரயிலில் செல்லக்கூடிய பெங்களூருவில், நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநலத் துறை இயங்கிவருகிறது. மத்திய அரசின் 'டெலி-மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பராமரிப்பவரின் சோர்வு குறித்தும் இதில் ஆலோசனை பெறலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு, தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது.