தினம் ஒரு ‘வரலாறு காணாத’ செய்தி

2004 மே 17, திங்கட்கிழமை. இடதுசாரிகள் ஆதரவோடு மத்தியில் புது அரசு அமையப்போகிறது என்றதும் மும்பைப் பங்குச்சந்தை ஆடிப்போனது. ஒரே நாளில் இரண்டு முறை வர்த்தகத்தை நிறுத்தினார்கள். சென்செக்ஸ் 564 புள்ளிகளை இழந்து 4,505இல் முடிந்தது. மறுநாள் பத்திரிகைகளுக்குக் கேட்க வேண்டுமா? ‘கறுப்புத் திங்கள்’, ‘வரலாறு காணாத சரிவு’ என்று கொட்டை எழுத்துகள். பக்கத்தில் தலையில் கைவைத்தபடி ஒரு தரகரின் படம். எல்லாச் சரிவுக்கும் அந்த ஒரே மனிதர்தான் தலையில் கை வைக்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அந்த 564ஐ இன்றைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்ட சென்செக்ஸில் அது முக்கால் சதவீதம்கூடத் தேறாது. காலையில் விழுந்து மதியத்துக்குள் எழுந்துவிடும். தலைப்புகளுக்குப் புள்ளிக் கணக்கு தெரியும், சதவீதக் கணக்கு வராது. அதனால்தான் அவற்றுக்கு ஆண்டுக்கு நாலு வரலாறு கிடைக்கிறது.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் சரிந்தது. புள்ளியில் பார்த்தால் அதுவரை இல்லாத வீழ்ச்சி. சதவீதத்தில் ஆறைக்கூட எட்டவில்லை. 2004இல் விழுந்தது 11, கொரோனா கால 2020 மார்ச் 23இல் விழுந்தது 13. ஆனாலும் ‘முதலீட்டாளர்களுக்கு 31 லட்சம் கோடி இழப்பு’ என்று செய்தி வந்தது. யார் பையிலிருந்து போனது, எவர் அள்ளிக்கொண்டு போனார் என்று எந்தத் தலைப்பும் சொல்லாது. அந்த வெள்ளிக்கிழமையே சென்செக்ஸ் பழைய இடத்தைத் தாண்டி நின்றது. ‘இழந்த பணம் வீடு திரும்பியது’ என்று யாரும் அதே எழுத்தில் போட்டதாக நினைவில்லை.

‘அதனால் வாங்கிப் போடு, பேசாமல் இரு’ என்று உபதேசம் செய்யும் நிபுணர்கள் உடனே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் 1992ஐ வசதியாக மறந்துவிடுகிறார்கள். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா கொடிகட்டிப் பறந்த காலத்தில், அந்த ஆண்டு ஏப்ரலில், சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியது. ஊரெல்லாம் சிமென்ட் கம்பெனிப் பங்குகளைப் பற்றியே பேச்சு. பதினோரு ஆண்டு பொறுமையாகக் காத்திருந்தவர், 2003 ஏப்ரலில் சென்செக்ஸ் 3,000க்கும் கீழே கிடப்பதைப் பார்த்தார். வெறுத்துப்போய் அப்போது விற்றாரே, அவர்தான் பாவம்: 2007 முடிவதற்குள் அது 20 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது.

நம் வீடுகளில் இந்தப் பொறுமையெல்லாம் தங்கத்துக்குத்தான். அதுகூடப் பொறுமை அல்ல, விற்க வழியில்லாமைதான். 1996இல் பவுன் 4,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 1998இல் சுமார் 3,200. ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பங்கு வைத்திருந்தவராக இருந்தால் தூக்கம் கெட்டிருக்கும். ஆனால் சரட்டையும் வளையலையும் விலை இறங்கிவிட்டது என்று எந்தப் பெண்மணி கழற்றி விற்பார்? ‘இன்னும் ரெண்டு பவுன் வாங்கிப் போடலாங்க’ என்றுதான் சொல்லியிருப்பார். ‘நகைப்பிரியர்கள் அதிர்ச்சி’, ‘இல்லத்தரசிகள் மகிழ்ச்சி’ என்று பத்திரிகைகள் மாறி மாறி எழுதிக்கொண்டே இருந்தன. 2025 அக்டோபரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியபோது அந்த இல்லத்தரசி அதிர்ந்தாரா, மகிழ்ந்தாரா? பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையென்றால் அதிர்ச்சி. ஆகிவிட்டதென்றால் மகிழ்ச்சி.

இதில் நன்றாக மாட்டிக்கொண்டது அரசாங்கம்தான். கட்டித் தங்கம் வாங்குவதைக் குறைக்கவேண்டும் என்று 2015 நவம்பரில் தங்கப் பத்திரம் கொண்டுவந்தார்கள். கிராம் 2,684 ரூபாய், மேற்கொண்டு வட்டி வேறு. எட்டு ஆண்டு கழித்து முதிர்ந்தபோது கிராமுக்கு 6,132 ரூபாய் எண்ணிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதுப் பத்திரத்தைக் காணோம்.

தபால் ஆபீஸ் மட்டும் யாருக்கும் அதிர்ச்சி கொடுக்காது. 1988இல் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது பணம் இரட்டிப்பாக ஐந்தரை ஆண்டு. இப்போது 115 மாதம். ‘பணம் இரட்டிப்பாவதில் வரலாறு காணாத தாமதம்’ என்று ஒருவரும் தலைப்பு போடவில்லை. தொண்ணூறுகளில், போட்ட பணம் மரமாக வளரும் என்று ஆசை காட்டிய முழுப் பக்க விளம்பரங்களில் செழித்து வளர்ந்த தேக்குமரங்களைப் பற்றி என்ன சொல்ல? பல இடங்களில் அவை விளம்பரத்தில் மட்டுமே வளர்ந்தன.

உண்மையான நீண்டகால முதலீட்டாளரைப் பார்க்க வேண்டுமென்றால் பீரோவைத் திறக்க வேண்டும். தாத்தா வாங்கிய காகிதப் பங்குப் பத்திரம், ரப்பர் பேண்ட் போட்டபடி, துணிகளுக்கு அடியில் கிடக்கும். அவர் எந்தச் சரிவிலும் பதறவில்லை, ஏனென்றால் வாங்கியதையே மறந்துவிட்டார். சிலர் காலமாகியும் விட்டார்கள். ஆனால் ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்டைக் கேட்டு வாங்காவிட்டால், அந்தப் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். வாரிசுகள் திரும்பக் கேட்கலாம், அதற்குப் படிவம், உறுதிமொழி, வாரிசுச் சான்று என்று அலைய வேண்டும்.

பங்குகளை மாற்றுவதற்கு முன்னால் கம்பெனி அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது சட்டம். ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் அது வரும். உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புக்குக் கீழே, பொடி எழுத்தில்.