மனச்சோர்வும் நெடுந்தூர ஓட்டமும்

"டாக்டர், தினமும் காலையில் ஓடினால் இவருக்கு மாத்திரை தேவைப்படாதல்லவா?" மனநலப் புறநோயாளர் பிரிவில் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் மனைவியாகவோ தந்தையாகவோ இருப்பார். நோயாளி தலையைக் குனிந்தபடி அருகில் அமர்ந்திருப்பார். ஓட்டத்தால் மனச்சோர்வு தணியுமா என்றால், தணியும். ஆனால் அது யாருக்கு, எப்போது, எப்படி என்பதைச் சற்று விளக்க வேண்டியுள்ளது.

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மனச்சோர்வு அல்லது பதற்ற நோய் உள்ள 141 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. மாத்திரையா, ஓட்டமா என்பதைப் பெரும்பாலோர் தாமே தேர்ந்தெடுத்தனர். 96 பேர் ஓட்டத்திலும் 45 பேர் மாத்திரையிலும் சேர்ந்தனர். ஓடியவர்கள் 16 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, 45 நிமிடம் குழுவாக ஓடினர். முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டிருந்தனர். எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஓடியவர்களே மேம்பட்டிருந்தனர். ஆனால் மாத்திரைப் பிரிவில் 82 சதவீதத்தினர் சிகிச்சையை முறையாகக் கடைப்பிடிக்க, ஓட்டப் பிரிவில் 52 சதவீதத்தினரால் மட்டுமே அது இயன்றது.

இந்தக் கடைசிக் கணக்கைத்தான் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும் என்பேன். மனச்சோர்வு முதலில் பறிப்பது தொடங்கும் ஆற்றலை. படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்குவதே மலையேறுவதுபோல் இருக்கும் ஒருவரிடம் "எழுந்து ஓடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னால், அவரால் இயலாத இன்னொன்றைக் கூட்டிக் கொடுத்ததாகவே முடியும். ஓட முடியாமற்போன குற்றவுணர்ச்சியும் நோயோடு சேர்ந்துகொள்ளும். மாத்திரையின் பயன் இங்கேதான் தெரிகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 50 வயதைக் கடந்த 156 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரங்களின் முடிவில் உடற்பயிற்சியும் மருந்தும் ஏறத்தாழச் சமமான பலனைத் தந்தன. ஆயினும் தொடக்க வாரங்களில் மருந்தே விரைந்து வேலை செய்தது. மருந்து தரும் அந்தச் சிறு தெம்பைக் கொண்டு காலணியை மாட்டலாம்.

ஓட்டம் மூளையில் என்ன செய்கிறது? எண்டார்ஃபின் என்ற சொல் இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. உறக்கம் ஆழமாவதும், உடல் ஓர் ஒழுங்குக்குத் திரும்புவதும், நரம்பணுக்களின் வளர்ச்சிக்குத் துணைபுரியும் புரதங்கள் கூடுவதும் பலனளிப்பதாகக் கருதுகிறோம். ஓட்டத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பயிற்சி செய்வதிலும் ஒரு பயன் உண்டு. அடுத்த வாரத்தையே எண்ணிப் பார்க்க இயலாதவருக்கு மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி கிடைக்கிறது.

தொடக்கம் மிகச் சிறியதாக இருக்கட்டும். முதல் வாரம் தெருமுனை வரை நடந்து திரும்பினால் போதும். மனம் வந்தபின் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்; இந்நோயில் கால் முன்னே போக, மனம் பின்னால் வரும். இருபது நிமிட நடை பழகியபின், ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை என மாற்றி மாற்றிச் செல்லலாம். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். ஐந்து கிலோமீட்டரை எட்டச் சிலருக்கு இரண்டு மாதமும் சிலருக்கு ஆறு மாதமும் ஆகும். அதற்குப் பிறகே நெடுந்தூரம்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் முன்னதாக இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். லித்தியம் உட்கொள்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: மிகுதியாக வியர்த்து நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். முழங்கால் வலிக்கென டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்றவற்றைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட்டாலும் அதே ஆபத்து உண்டு. மனநல மருந்துகள் சில உடல் வெப்பம் தணிவதைத் தடுப்பதால், கோடையில் வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும்.

நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. குணமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே முறை.

குடும்பத்தினர் செய்யக்கூடியது அறிவுரை கூறுவதன்று, உடன் நடப்பது. காலை ஐந்தரைக்கு நீங்களும் காலணி அணிந்து வாசலில் நில்லுங்கள். அவர் வராத நாளில் "பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்பதோடு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரமே உறங்கி, களைப்பே இன்றி மிகுதியாகப் பேசியபடி தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அதை முன்னேற்றம் என்று மகிழாமல் உடனே எங்களிடம் தெரிவியுங்கள். அது இருதுருவ நோயின் மிகையெழுச்சி நிலையாக இருக்கலாம். உணவையும் உறக்கத்தையும் இழந்தவருக்கும், வாழப் பிடிக்கவில்லை என்று சொல்பவருக்கும் ஓட்டம் சிகிச்சையாகாது. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.