முதல் வாட்டில் இருக்கிறது விஷயம்

ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்து தரும் கடையில் நின்றால் காதில் விழுவதெல்லாம் நம்பர்கள்தான். "3055 போட்டுத் தரவா, 5200-1943 ஜோடி போடவா? மாஸ்ஃபெட்னா கொஞ்சம் கூட ஆகும் சார். கிளாஸ் டி போர்டும் இருக்கு, சின்னது, சூடே ஆகாது." சென்னை ரிச்சி தெருவில் பல்லாண்டாகக் கேட்கும் பேச்சு இது. வாங்க வந்தவர் கொஞ்சம் விழித்துவிட்டு, கடைசியில் வாட் எதில் அதிகமோ அதைக் காட்டி "இதையே கொடுங்க" என்பார். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்கு அது சரியான வழி அல்ல.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வீட்டு ஸ்பீக்கர்கள் பலவற்றின் பின்பக்கம் 88 டெசிபெல் போல ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவு. ஆக, ஒரே ஒரு வாட்டிலேயே கூடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். சத்தம் இரு மடங்காகக் காதில் படவேண்டுமானால் வாட் ஏறத்தாழ 10 மடங்காக வேண்டும். 30 வாட் செட்டுக்கும் 60 வாட் செட்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் தெரியும் அளவுக்குக் காதில் தெரியாது. தவிலின் அடி போன்ற திடீர் உச்சங்களுக்குக் கூடுதல் வாட் கையிருப்பில் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கும் நேரத்தில் பெரும்பகுதி கழிவது அந்த முதல் வாட்டுக்குள்தான். ஒரு ஆம்ப் நல்லதா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது? ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். பெரும்பாலான ஆம்ப்களில் அதற்கு இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்று பாசிட்டிவ் பக்கம் மின்னோட்டத்தைத் தள்ளும், மற்றது நெகட்டிவ் பக்கம் இழுக்கும். மரம் அறுக்கும் இடத்தில் பெரிய ரம்பத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இருவர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விட்டதும் மற்றவர் இழுக்க வேண்டும். அவர் பிடிக்க ஒரு நொடி தாமதித்தால் ரம்பம் நடுவில் நின்றுவிடும். டிரான்சிஸ்டரும் அப்படித்தான். சிலிக்கான் டிரான்சிஸ்டர் 0.6 வோல்ட் அளவு கிடைத்தால்தான் விழித்துக்கொள்ளும். ஒன்று ஓய்ந்து மற்றது விழிப்பதற்குள் சிக்னலில் ஒரு சின்ன வெற்றிடம் விழுகிறது. கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்பது இதுதான். இப்படி எந்த முன்னேற்பாடும் இல்லாமல் இருவர் மாறி மாறி வேலை செய்யும் அமைப்பு கிளாஸ் பி.

இதில் மோசமான விஷயம், பாட்டு சன்னமாகும்போதுதான் குறை பெரிதாகத் தெரியும். வால்யூம் கூடினால் சிக்னல் பெரிதாகும், அதே வெற்றிடம் அதற்குள் சிறிதாகிவிடும். ஆலாபனையின் தொடக்கத்தில் குரல் மெல்ல எழும் இடத்தில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வருகிறதென்றால் சந்தேகம் முதலில் இதன்மேல் விழட்டும்.

கரகரப்பு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதைச் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு எளிதில் சொல்லலாம். குறையுள்ள எந்த ஆம்ப்பும் மூலச் சுரத்தோடு அதன் மடங்குகளைச் சேர்த்துவிடும். இரண்டாம் மடங்கு மேல் ஷட்ஜம். மூன்றாவது அதற்கு மேல் பஞ்சமம். ஐந்தாவது, நல்ல தம்புராவில் தானாகக் கேட்குமே, அந்த அந்தர காந்தாரம். இவை கொஞ்சம் கலந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும். ஏழாவது கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே போய் நிற்கும், அதற்கு மேலே போகப் போகப் பொருந்தாதவை கூடும். கிராஸ்ஓவர் குறை அள்ளித் தெளிப்பது இந்த உயர்ந்த ஒற்றைப்படை மடங்குகளைத்தான். ஆகவே 0.1 சதவீத டிஸ்டார்ஷன் என்று விளம்பரத்தில் போட்டால் போதாது. அது எந்த மடங்கில் இருக்கிறது, எவ்வளவு வாட்டில் அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். பெரும்பாலும் முழு வாட்டில் அளந்த எண்ணைத்தான் போடுவார்கள்.

பரிகாரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு டிரான்சிஸ்டரையும் முழுதாக உறங்க விடாமல், சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்னோட்டம் ஓடவிடுவது. அதற்குப் பயாஸ் என்று பெயர். அப்படிச் செய்தால் கிளாஸ் ஏபி. கடையில் கிடைக்கும் சாதாரண ஆம்ப்களில் நெடுங்காலம் இதுதான் ராஜா. போர்டில் சிறிய பிரீசெட் ஒன்று இருக்குமே, மெக்கானிக் ஸ்குரூ டிரைவரால் திருகுவாரே, அதுதான் பயாஸ் வைக்கும் இடம். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் போட்ட ஆம்ப்பில் அதன் இரு முனைகளுக்கும் இடையே 20 முதல் 26 மில்லிவோல்ட் வரை நின்றால் கைமாறல் சீராக இருக்கும். மின்னோட்டமாகச் சொன்னால் சுமார் 100 மில்லி ஆம்பியர். இதைக் கூட்டிக்கொண்டே போனால் ஒலி மேலும் மேலும் நன்றாகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. அளவு மீறினால் இருவரும் சேர்ந்து வேலை செய்யும் நடுப்பகுதியில் கெயின் (பெருக்கும் அளவு) வீங்கி, வேறொரு டிஸ்டார்ஷன் பிறக்கும்.

வெயில் இங்கே உள்ளே வருகிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் 1 டிகிரி சூடாகும்போது அதற்குத் தேவையான வோல்ட் 2 மில்லிவோல்ட் அளவு குறையும். பயாஸ் அப்படியே நின்றால் மின்னோட்டம் கூடும், அதனால் சூடு கூடும், சூட்டால் மின்னோட்டம் மறுபடி கூடும். கடைசியில் டிரான்சிஸ்டர் எரியும். இதைத் தடுக்கத்தான் ஹீட்சிங்க்கில் இன்னொரு சின்ன டிரான்சிஸ்டரை ஒட்டிவைத்துச் சூட்டுக்கேற்பப் பயாஸைக் குறைக்கச் செய்கிறார்கள். மலிவு அசெம்பிள் செட்டுகளில் அது ஹீட்சிங்க்கைத் தொடாமல் போர்டிலேயே நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மே மாதத்தில் அந்த செட் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைமாறலே வேண்டாம், எல்லா நேரமும் முழு மின்னோட்டம் ஓடட்டும் என்றால் அது கிளாஸ் ஏ. 1969 ஏப்ரலில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஜான் லின்ஸ்லி ஹூட் ஒரு சின்ன சர்க்யூட் வெளியிட்டார். சேனலுக்கு 4 டிரான்சிஸ்டர், 10 வாட். டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் வால்வு செட்டுகளுக்கு முன் கரகரத்த காலம் அது. அவர் தன் சர்க்யூட்டைப் புகழ்பெற்ற வில்லியம்சன் வால்வு ஆம்ப்போடு ஒப்பிட்டுக் காட்டினார். இன்றும் உலகம் முழுக்க ஆர்வலர்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் ஓயாமல் ஓடும். அதாவது பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேனலுக்கு 32 வாட் வெப்பம். ஸ்டீரியோவாக நாள்தோறும் 4 மணி நேரம் வைத்தால் மாதம் 8 யூனிட் அளவு மின்சாரம். பத்து வாட்டுக்கு இது பரவாயில்லை. சேனலுக்கு 50 வாட் கிளாஸ் ஏ வேண்டுமென்றால், இருவர் தள்ளி இழுக்கும் நல்ல புஷ்-புல் அமைப்பிலும் செயல்திறன் 50 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு சேனலுக்கும் குறைந்தது 200 வாட் சதா இழுக்கும். அறையை ஏசி குளிர்விக்க, ஆம்ப் சூடாக்க, இரண்டுக்கும் நீங்கள் பில் கட்டுவீர்கள்.

இனி டிரான்சிஸ்டர் வகைகள். பழைய ரேடியோக்களில் ஜெர்மேனியம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஏசி128 பலருக்கு நினைவிருக்கும். 0.2, 0.3 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும் என்பது அதன் நல்ல குணம். சூடு தாங்காது, கசிவு கூடும். பெரிய ஆம்ப்புக்கு ஆகாது என்பதால் கதை அத்தோடு முடிந்தது.

சிலிக்கானில் 1960களின் தொடக்கத்தில் ஆர்சிஏ கொண்டுவந்த 2என்3055 ஒரு காவியம். முட்டை வடிவ இரும்புத் தொப்பி போட்ட அந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலும் இருக்கும், பவர் சப்ளையிலும் இருக்கும், இன்வெர்ட்டரிலும் இருக்கும். ஆனால் இது பாசிட்டிவ் பக்கம் தள்ளும் என்பிஎன் வகை. நெகட்டிவ் பக்கம் இழுக்க இதற்குச் சரியான பிஎன்பி ஜோடி அப்போது கிடைப்பது அரிது. ஆகவே இரண்டு பக்கமும் என்பிஎன்னையே போட்டு ஒப்பேற்றும் சர்க்யூட்டை, எச்.சி. லின் 1956ல் காட்டிய வழியில், பலரும் கையாண்டார்கள். மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே மாதிரி நடக்காது. டிரான்சிஸ்டர் ஒலி என்றாலே கரகரப்பு என்று அந்நாளில் வந்த கெட்ட பேருக்கு இதுவும் ஒரு காரணம். பிறகு எம்ஜே2955 என்ற ஜோடி வந்தது. 1978ல் வந்த என்ஏடி 3020 ஆம்ப் இந்த ஜோடியை வைத்துத்தான் வெறும் 20 வாட்டில் பேர் வாங்கியது. பழைய டிரான்சிஸ்டர், நல்ல சர்க்யூட்.

5200-1943 என்று கடைக்காரர் சொல்வது தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி. 3055ஐவிட உண்மையிலேயே மேலானது. 3055ன் கெயின் 4 ஆம்பியரில் 20 இருந்தாலே உத்தரவாதம் நிறைவேறியது, 10 ஆம்பியரில் 5க்கு இறங்கலாம். 5200 ஏழு ஆம்பியரிலும் 35க்குக் குறையாது. வேகமும் பத்து மடங்குக்கு மேல். கெயின் சரியாதபோது டிஸ்டார்ஷன் தானே குறைகிறது. ஒரே தொல்லை, இந்த ஜோடிக்குச் சந்தையில் போலி ஏராளம். உள்ளே சிறு சில்லை வைத்து மேலே பெரிய பெயரை அச்சடித்தது, பாஸ் வரும் முதல் பாட்டில் போய்விடும். விலை நம்பமுடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

மாஸ்ஃபெட் என்றதும் "வால்வு மாதிரி இனிமை" என்பார்கள். முதலில், எந்த மாஸ்ஃபெட் என்று கேளுங்கள். ஆடியோவுக்கென்றே ஹிட்டாச்சி செய்த 2எஸ்கே1058, 2எஸ்ஜே162 போன்ற லேட்டரல் வகை ஒன்று. 100 மில்லி ஆம்பியருக்கு மேல் சூடானால் அது தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகும் பயம் குறைவு, நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற குணம். ஐஆர்எஃப் எனத் தொடங்கும் மலிவு வகை வேறு. அது சுவிட்ச் வேலைக்குச் செய்தது. சாதாரண மின்னோட்டத்தில் சூடு ஏற ஏற மின்னோட்டமும் ஏறும், பயாஸ் கவனமாக வைக்க வேண்டும். இனிமை விஷயத்தில் வல்லுநர்களே இரு கட்சி. டக்ளஸ் செல்ஃப், கிளாஸ் பி, ஏபி அமைப்பில் 3055, 5200 போன்ற பைபோலார் வகைதான் சீரானது என்று அளந்து காட்டுகிறார். நெல்சன் பாஸ், மாஸ்ஃபெட்டைக் கிளாஸ் ஏயில் தனியாக ஓடவிட்டு இரண்டாம் மடங்கை வேண்டுமென்றே தங்கவிடுகிறார். இருவரும் அவரவர் சர்க்யூட்டில் சரி. டிரான்சிஸ்டரை மட்டும் பிடுங்கி மற்றவர் சர்க்யூட்டில் போட்டால் இருவர் கணக்கும் தப்பும்.

கிளாஸ் டியை டிஜிட்டல் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நிற்பதால்தான் சூடு. கிளாஸ் டியில் அது முழுக்கத் திறக்கும் அல்லது முழுக்க மூடும், நொடிக்குச் சில லட்சம் தடவை. திறந்திருக்கும் நேரத்தின் நீளம் பாட்டுக்கேற்ப மாறும். கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் அந்த வெட்டலை வடிகட்டிப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். செயல்திறன் 90 சதவீதத்தைத் தொடும். 1964லேயே பிரிட்டனில் சின்க்ளேர் எக்ஸ்-10 என்று கிட்டாக விற்றார்கள். அன்றைய டிரான்சிஸ்டருக்கு அந்த வேகம் இல்லை, சரிவரவில்லை. இன்று வேகமான மாஸ்ஃபெட்கள் உண்டு. மலிவு போர்டில் வரும் டிபிஏ3116 ஐசியே முதல் வாட்டில் மதிப்பாக நடந்துகொள்கிறது. ஒரு குறை, வடிகட்டிக்கு முன்னாலேயே சிக்னலைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும் வகைகளில் ஸ்பீக்கரின் ஓமுக்கேற்ப மேல்சுரங்கள் ஏறியோ இறங்கியோ கேட்கும். வடிகட்டியையும் சேர்த்துத் திருத்தும் வழியை புரூனோ புட்சேஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் செம்மைப்படுத்திய பிறகு இந்தக் குறையும் போயிற்று. அந்த மாதிரிப் போர்டுகளுக்கு விலை கூட.

கிளாஸ் ஜி, கிளாஸ் எச் என்பவை கிளாஸ் ஏபிதான், சப்ளை வோல்ட்டை மட்டும் தேவைக்கேற்ப ஏற்றும். வீட்டுக்கு அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

காதால் இவற்றைப் பிரித்தறிய முடியுமா? 1985ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோஃபைல்' இதழுக்கு ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் சவால் விட்டார். அவர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப்பின் ஒலியைத் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கொண்டுவருவதாகச் சொன்னார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகும்வரை தன் ஆம்ப்பைத் திருத்தினார். இதழாசிரியர்களால் வேறுபாடு காண முடியவில்லை. வேறுபாடு கேட்கிறதென்றால் அது அளக்கக்கூடிய ஏதோ ஒன்றில் இருக்கிறது. பாகத்தின் பெயரில் இல்லை.

என் தீர்ப்பு இது. சிறிய அறை, குறைந்த வாட்டிலேயே நல்ல சத்தம் தரும் ஸ்பீக்கர், மின்கட்டணக் கவலை இல்லையென்றால் லின்ஸ்லி ஹூட்டைக் கட்டிப் பாருங்கள், வருத்தப்படமாட்டீர்கள். மற்ற வீடுகளுக்கு அசல் பைபோலார் ஜோடி போட்ட, பயாஸ் ஒழுங்காக வைத்த 30 முதல் 50 வாட் கிளாஸ் ஏபி போதும். இடமும் காற்றோட்டமும் இல்லாத அலமாரி என்றால் நல்ல கிளாஸ் டி. பிஎம்பிஓ என்று உச்ச வாட்டை ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் படிக்காதீர்கள். 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் போர்டு எந்த நாளும் 60 வாட்டுக்கு மேல் தொடர்ந்து தர முடியாது.

வாங்குமுன் அரை மணி நேரம் ஓடவிட்டு, வால்யூமை மிகக் குறைத்து, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு குரலைக் கேளுங்கள். கடைக்காரர் வால்யூமை ஏற்றப் பார்ப்பார், விடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே பழைய செட் இருந்தால் விற்கும் முன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் பயாஸையும் சப்ளை கெபாசிட்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.