குளியல் தண்ணீரைக் குடிக்கும் குடைக்கோரை

கோரை என்றாலே விவசாயிக்குக் கோபம்தான் வரும். களை எடுத்த மறுவாரமே கிழங்கிலிருந்து முளைத்து நிற்கும் கோரைக்கிழங்கு அப்படிப் பாடாய்ப்படுத்துகிறது. ஆனால் பத்தமடைப் பாய்க்கும், காவிரிக் கரையில் பாய்க்காகவே பயிரிடுவதற்கும் உரியது அதே குடும்பம். அந்த வகையில் இன்னொன்று குடைக்கோரை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்துச் செடி. நர்சரியில் ‘அம்பர்லா பாம்’ என்பார்கள். பனைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தண்டின் உச்சியில் இலைகள் குடைக் கம்பி போல விரியும். 3 முதல் 5 அடி வரை வளரும். இதற்குக் கிழங்கு கிடையாது, தூராகவே பெருக்கும். அதனால் வயலைப் பிடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் கிழங்கை நினைத்துப் பயப்பட வேண்டாம், விதையைத்தான் கவனிக்க வேண்டும். பூங்கொத்து பழுப்பாகும் முன்பே நறுக்கிவிடுங்கள். வாய்க்கால் ஓரம், ஏரிக்கரை ஆகிய இடங்களில் நடவே கூடாது.

நாற்று உண்டாக்கக் காசு தேவையில்லை. முற்றிய குடை ஒன்றை 2 அங்குலத் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தண்ணீரில் தலைகீழாகப் போட்டு நிழலில் வையுங்கள். 2, 3 வாரத்தில் குடையின் நடுவிலிருந்து வேரும் துளிரும் வரும். கொசு முட்டையிடாமல் இருக்க 2 நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும்.

அழகுக்கு என்றால் ஓட்டையில்லாத தொட்டியில் வண்டல் மண்ணும் மட்கிய எருவும் போதும். ஆனால் கொல்லையில் குளியல் தண்ணீர் தேங்கி, கொசுவும் பக்கத்து வீட்டாரோடு சச்சரவும் உள்ள வீட்டில்தான் இந்தச் செடியின் அருமை தெரியும். குடிநீர்க் கிணற்றுக்கு எட்டத் தள்ளி, 2 அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். மணற்பாங்கான நிலமானால் உள்ளே தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். குழியை ஜல்லியால் நிரப்பி, ஒரு முழ இடைவெளியில் தூர்களை நடலாம். தண்ணீர் எப்போதும் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழேயே நிற்கும்படி வெளிப்போக்குக் குழாயை வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே தண்ணீர் தெரிந்தால் கொசு வந்துவிடும். சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் தங்க, குழிக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வேண்டும். வாரம் ஒருமுறை அதை அள்ளுங்கள். கழிவறைத் தண்ணீரை இதில் விடக்கூடாது. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரும் ஆகாது.

வெளியே வரும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் பாயட்டும். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

பழுத்த தண்டுகளை அடியோடு அறுத்தால் புதுத் தண்டு வரும். 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நட வேண்டும். அறுத்த தண்டு மூடாக்குக்கு ஆகும். குடைகளை மட்டும் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள், ஈரம் பட்டால் கிடந்த இடத்திலேயே வேர்விட்டுவிடும்.