சூடு இறங்க வழி வேண்டும்

நம் சங்க அன்பர் ஒருவரின் மகன், அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவன், சென்ற ஞாயிறன்று தன் டிரான்ஸ்மிட்டரோடு வீட்டுக்கு வந்தான். "தாத்தா, பவர் ஆம்ப்ளிஃபையர் மாட்யூல் இரண்டாம் முறையாகப் போய்விட்டது. சரக்கே மட்டமோ?" என்றான். எனக்கு 1996 மே மாதம் நினைவுக்கு வந்தது.

அப்போது நாக்பூர்ப் பக்கம் ரயில்வே டெலிகாம் பிரிவில் இருந்தேன். ஒரு ஸ்டேஷனில் 25 வாட் வி.எச்.எஃப். செட் பழுதாகி, புது மாட்யூலை நானே மாட்டினேன். பேஸ்டைத் தாராளமாக அப்பி, ஒரு திருகாணியை முழு பலத்தோடு முடுக்கிவிட்டு, அடுத்ததைத் தொட்டேன்.

ஒரே வாரம். அவுட்டரில் நின்ற சரக்கு வண்டியின் கார்டு, வேகன் அச்சு சூடேறியதைச் சொல்லக் கூப்பிட்டார். ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கேட்டது. அவர் பதில்தான் போய்ச் சேரவில்லை. பாவம், கார்டு இருட்டில் தண்டவாளத்தோரம் நடந்தே வந்தார்.

எங்கள் மூத்த மெக்கானிக் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஹீட் சிங்க் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். நடுவில் வெளிச்சம் கசிந்தது. துளையோரம் பிசிறு வேறு!

மாட்யூலுக்குள் இருப்பது பீங்கான் தகடு. சமமில்லாத பரப்பில் திருகாணி இழுத்தால் அது விரிசல் விடும். உடனே விடாவிட்டாலும் சூட்டில் விரியும்போது விடும். 25 வாட் வெளியே அனுப்ப மாட்யூல் ஏறக்குறைய 55 வாட் இழுக்கிறது. மீதி 30 வாட்டும் வெப்பம். நாக்பூர் மே மாதத்து 45 டிகிரியில் அது எங்கே போகும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிசிறை நீக்கி, கண்ணாடிப் பலகைமேல் எமரி தாளை விரித்து ஹீட் சிங்கைத் தேய்த்துச் சமமாக்குங்கள். மேடுபள்ளம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். தூசியைத் துடைத்துவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல் பேஸ்டை மெல்லிசாகத் தடவுங்கள். இரண்டு திருகாணிகளையும் முதலில் லேசாகப் பொருத்தி, பிறகு மாற்றி மாற்றி முடுக்குங்கள். எம்3 திருகாணிக்கு 4 முதல் 6 கிலோகிராம்-சென்டிமீட்டர் போதும். தோள் பலம் வேண்டாம். கால்களுக்கு ஈயப்பற்று வைப்பது கடைசியில்தான். முன்பே வைத்தால் முடுக்கும்போது கால்கள் இழுபடும்.

பையனின் ஹீட் சிங்கிலும் ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். அதே வெளிச்சம். "சரக்கு மட்டமில்லை தாத்தா" என்று சிரித்தான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்து வந்தவர் வேறொருவர் அல்லவா?